நாற்பதைத் தாண்டினால்

காரைக்காலின் உப்புக் காற்றில் மொபெட்டின் ஆக்ஸிலரேட்டர் வயர் ஒரு வருஷம் தாங்கினாலே பெரிய விஷயம். துரு ஏறி இறுகிவிடும்; முறுக்கிய கைப்பிடி திரும்பி வராது. அதனால்தான் எங்கள் பட்டறையில் வயரே இல்லாத ஆக்ஸிலரேட்டர் செய்தோம், மேடம். கைப்பிடியில் ஒரு சென்சார், இன்ஜினில் ஒரு குட்டி மோட்டார். விலை உயர்ந்த பைக்குகளில் மட்டும் இருந்ததை, மீன் கூடை கட்டிப் போகிறவர்களும் வாங்குகிற விலைக்குக் கொண்டுவந்தோம். எவ்வளவு முறுக்கினால் எவ்வளவு வேகம் எடுக்க வேண்டும் என்று அதற்குள் எழுதி வைப்பது என் வேலை.

என் தங்கை தேவிகாவின் வண்டிக்கும் நான்தான் மாட்டிக் கொடுத்தேன். அம்மாவும் அப்பாவும் போன பின் தலை பின்னிவிட்டது, காலேஜில் சேர்த்தது, திருநள்ளாற்று லாட்ஜில் வேலை வாங்கிக் கொடுத்தது எல்லாம் நான். எங்கள் கோவில்பத்து வீட்டிலிருந்து தினமும் வண்டியில் போய் வருவாள். முதலில் முப்பதுக்கு மேல் போகாதபடி வைத்தேன்.

“ஏங்க்கா, பக்கத்து வீட்டு ஆஸியா பீவி நடந்து போறாங்க, நான் வண்டியில போறேன். அவங்க என்னைய முந்திக்கிட்டு, ‘என்னம்மா, வண்டியத் தள்ளணுமா’ன்னு கேக்குறாங்க. மானம் போவுது.”

“போனா போவட்டும். நீ முழுசா வீடு வந்து சேந்தா போதும்டி.”

சிரித்துக்கொண்டே என் கன்னத்தைக் கிள்ளினாள். அன்றே அந்த வரம்பை எடுத்துவிட்டேன். அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.

பிறகு ஒலிவியே வந்தான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அவனுக்குப் பாரிஸ் பக்கம் வேலை. லீவில் வந்தபோது பழக்கம். நல்ல பையன்.

“சுகிர்தா அக்கா, தேவிகாவ நான் நல்லா பாத்துக்குவேங்க. நீங்களும் வருஷத்துக்கு ஒரு தடவை அங்க வந்துட்டுப் போங்க.”

வருஷத்துக்கு ஒரு தடவை. நான் அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

லீவு முடிவதற்குள் கல்யாணத்தைப் பதிவு செய்ய நாள் குறித்தார்கள். அது தள்ளிப்போனால் அவன் தனியாகத்தான் திரும்ப வேண்டும். தனியாகப் போகிறவனுக்கு மனசு மாறலாம். அவளுக்குக் காலில் ஒரு கட்டு, கொஞ்ச நாள் படுக்கை. நான் நினைத்தது அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டினால் அவள் வண்டியின் மோட்டார் ஆக்ஸிலரேட்டரை மூடிவிட வேண்டும், எவ்வளவு முறுக்கினாலும் சற்று நேரம் திறக்கக் கூடாது என்று எழுதினேன். பிரேக்கில் கை வைக்கவில்லை. வேகம் குறைந்தால் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

அன்று சனிக்கிழமை, திருநள்ளாற்றுச் சாலையில் கூட்டம். நெல் லாரியை முந்தப் போனவள், பாதியிலேயே வேகம் செத்து எதிர்ப்பக்கம் மாட்டிக்கொண்டாள். எதிரே வந்த பஸ்ஸை ஓட்டியவர் பாலகுரு. அவர் ஒடித்துத் திருப்பிப் பார்த்தார், முடியவில்லை. அவரை விட்டுவிடுங்கள், மேடம். அதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

இப்படி ஆகும் என்று தெரியாமலா செய்தாய் என்று கேட்டீர்கள். தெரியும். நானே ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் கொடுப்பதில்லை. அதற்கு முந்தின நாள் அதே சாலையில் அதே வண்டியில் ஒரு லாரியை முந்தினேன். வண்டி சோர்ந்தது. எதிரே வந்த வேன் என் முந்தானையை உரசிக்கொண்டு போனது. ஓரமாக நிறுத்தி அழுதேன். அப்புறம் வீட்டுக்கு வந்து, எதையும் மாற்றாமல், சாவியை அவள் கைப்பையில் போட்டேன்.

தேவிகா பிழைத்துவிட்டாள். பேச்சு இல்லை. யாரையும் அடையாளம் தெரியவில்லை என்கிறார் டாக்டர். ஒலிவியே ஊருக்குப் போகாமல் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கஞ்சி கொடுக்கும் நேரத்தில் மட்டும் அவனை வெளியே அனுப்பிவிடுவேன். நான் கொடுத்தால்தான் வாய் திறக்கிறாள். நர்ஸ் கொடுத்தாலும் திறக்கிறாள் என்று அவன் சொல்கிறான். அவனுக்கு என்ன தெரியும்?

நீங்கள் எழுதுவதில் கையெழுத்துப் போடுகிறேன். சாயங்காலக் கஞ்சிக்கு மட்டும் என்னை அனுப்புங்கள், மேடம். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யாருமில்லை.