பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்

கப்பலில் தயிர் கிடைக்குமா என்பதுதான் கிளம்புவதற்கு முன் எங்கள் குழுவில் எல்லாருக்கும் இருந்த பெரிய கவலை. கிடைத்தது. கொஞ்சம் இனிப்பாக இருந்தது, அவ்வளவுதான். நான் மோர்மிளகாய் வறுத்து டப்பாவில் எடுத்துப் போயிருந்ததால் ஒரு குறையும் இல்லாமல் சாப்பிட்டோம்.

இந்தி எனக்குக் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான் வரும். அதனால் தமிழிலேயே சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் சுஷ்மா மேடத்துக்கு கான்ஸ்டபிள் இசக்கிதுரை தம்பி இந்தியில் எடுத்துச் சொல்லட்டும். தம்பி வீடு இங்கே பக்கத்தில் சுனாபட்டியில்தானே? பேச்சிலேயே நம்ம ஊர் வாடை அடிக்கிறது.

என் பெயர் பிரேமலதா. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கரீபியன் தீவில் இறந்துபோன மாரீஸ்வரன் என் கணவர். டூர் மேனேஜர் ரெனால்டின் கவனக்குறைவால்தான் அவர் இறந்தார் என்று உங்கள் ஃபைலில் இருக்கிறது. என் மகன் கனடாவிலிருந்து எழுதிய புகாரில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது சரியில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

அவர் அணுசக்தி நகரில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர். ஒரு பொருளை அவர் பொறுப்பில் விட்டால், பெரிய அதிகாரியே வந்து நின்றாலும் கையெழுத்து இல்லாமல் கொடுக்கமாட்டார். ஸ்டாஃப் பஸ்ஸில் இதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்வார்கள். ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு செம்பூரில் ஃபிளாட் வாங்கினோம். கொஞ்ச காலத்தில் மறதி வந்துவிட்டது. முதலில் ஆட்களின் பெயர் போனது, பிறகு எங்கள் தெரு போனது, பிறகு பல் தேய்ப்பது எப்படி என்பதும் போனது. ஸ்டோர்ஸ் மட்டும் போகவில்லை.

அதை நான் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். மார்க்கெட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகவும் முடியாது, தனியாக வீட்டில் விடவும் முடியாது. கேஸைத் திறந்துவிட்டு விடுவார். ஒருநாள் ரயிலடி வாசலில் இருந்த பெஞ்சில் அவரை உட்காரவைத்து, பையை மடியில் வைத்து, "பையப் பாத்துக்கோங்க. நான் வார வரைக்கும் எந்திக்கக்கூடாது, என்னா" என்றேன்.

"எத்தன உருப்படி?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான்."

"சரி" என்றார்.

கீரை, வெண்டைக்காய் எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தார். முகத்தில் பழைய மிடுக்குகூட வந்திருந்தது. அதற்குப் பிறகு பேங்க், கோயில், ரேஷன் கடை எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம். ஒருமுறை நல்ல மழை. நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். பை மட்டும் சட்டைக்குள் பத்திரமாக இருந்தது.

ஒரே ஒரு தடவைதான் இந்த ஏற்பாட்டில் தப்பு நடந்தது. நாகர்கோவில் வண்டியில் எங்களுக்கு வேறு வேறு பெட்டியில் இடம் கிடைத்தது. மயக்க பிஸ்கட் கொடுத்துத் திருடுகிறார்கள் என்று அப்போது எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் வழக்கமாகச் சொல்வதோடு, யார் எது கொடுத்தாலும் வாங்கக்கூடாது என்று சேர்த்துச் சொன்னேன். சாப்பாட்டுத் தூக்கு என்னிடம் இருந்தது. மதியம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று பார்த்தால், நடைபாதையெல்லாம் ஆட்கள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சோலாப்பூரில் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் வேர்த்து விறுவிறுத்துச் சரிந்து கிடந்தார். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டவர், வயிற்றில் ஒன்றுமில்லை. பக்கத்துச் சீட்டுப் பெண் அழாத குறையாக, "எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன்மா, தண்ணிகூட வாங்கமாட்டேன்னுட்டாரு" என்றாள். நான் வாயில் சர்க்கரையைப் போட்டு, "இப்ப சாப்பிடலாம்" என்ற பிறகுதான் விழுங்கினார். யாரிடமும் எதுவும் வாங்கக்கூடாது என்ற அந்தப் பேச்சை அன்றோடு விட்டுவிட்டேன்.

கப்பல் பயணம் என் மகன் ஏற்பாடு. அவனால் வர முடியாது, அதனால் டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். "அப்பாவுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்மா" என்றான். ஃபோனில் மட்டும் பார்ப்பவர்களுக்கு அவர் நன்றாகத்தான் தெரிவார். அவர் ராத்திரி எழுந்து கதவைத் திறப்பது, நான் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுப்பது, இதெல்லாம் ஃபோனில் தெரியாது. நான் அவனிடம் சொன்னதும் இல்லை.

மாட்டுங்காவில் ஒரு சின்ன டூர் கம்பெனி எங்களைக் கூட்டிப் போனது. எல்லாரும் வயசானவர்கள், எல்லாரும் நம்மவர்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி, மஞ்சள் மழைக்கோட்டு. மேனேஜர் ரெனால்ட் தாராவிப் பையன், நல்ல பையன். படி ஏறும்போதெல்லாம், "அங்கிள், என் தோளப் புடிச்சுக்கோங்க" என்று வந்து நிற்பான். கப்பலில் ஏற இறங்க ஆளுக்கொரு கார்டு உண்டு. மாட்டுங்கா ஷ்யாமளா மாமி முதல் நாளே கார்டைத் தொலைத்துவிட்டுக் கப்பலையே ஒரு கலக்குக் கலக்கினாள். அன்றிலிருந்து எல்லார் கார்டையும் ரெனால்டே ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொண்டான். வாசலில் அவனே வரிசையாக மெஷினில் காட்டுவான். நம்மவர்கள் கூட்டமாகப் போனால் வேறு எப்படிச் செய்வோம்? ரயில் டிக்கெட்டும் ஒருவர் கையில்தானே இருக்கும்.

அந்தத் தீவின் பெயரைச் சொல்லி அந்த ஊர்க்காரர்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித்தர எனக்கு இஷ்டமில்லை. தீவு வருவதற்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் இறங்குவதா வேண்டாமா என்று பெரிய விவாதம். ஏழை நாடு, கப்பல் கம்பெனி கடற்கரையைக் குத்தகைக்கு எடுத்து வேலி போட்டிருக்கிறது, வேலிக்கு அந்தப் பக்கம் சனங்கள் கஷ்டப்படுகிறார்கள் என்று யாரோ ஃபோனில் படித்துச் சொன்னார்கள்.

தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் கரீம் பாட்சா பாய் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். "நம்ம ஏரியாவுக்கு வெள்ளக்காரங்க டூர் வாராங்கள்லா, கேமராவ மாட்டிக்கிட்டு? எம் பட்டறை வாசல்ல நின்னு பாவமாப் பாப்பாங்க. அதே பார்வைய இங்க வந்து நான் பாக்கணுமாக்கும்? நான் இறங்கல."

ஷ்யாமளா மாமி, "நாம இறங்காட்டா அவாளுக்கு வியாபாரம் ஏது? கப்பல்ல உக்காந்துண்டு பாவம் பாவம்னா வயிறு ரொம்பிடுமா?" என்றாள்.

இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

மறுநாள் பாய் உட்பட எல்லாரும்தான் இறங்கினார்கள். பெரிய கப்பல் கரைக்குப் போகாது, சின்னப் படகில் கொண்டுபோய் விட்டார்கள். வேலிக்குள்ளே மெத்தை நாற்காலி, பழரசம், பாட்டு. வெளியே பெண்கள் கம்பி வழியாகப் பாசிமாலைகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மாமி கை நிறைய வாங்கினாள், பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பாய் வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலையே பார்த்திருந்தார். எனக்கும் உள்ளே ஒரு மாதிரி இருந்தது. அந்த மக்களை அப்படிக் கம்பிக்கு வெளியே நிறுத்தியது தப்பு. அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் என்னை விடவில்லை.

அதனால்தான் அவரைக் கூட்டிக்கொண்டு கேட் வழியாக வெளியே போனேன். கொஞ்சம் நடந்தால் மீன் பொரிக்கும் கடை ஒன்று. கடைக்காரி அவர் தள்ளாடுவதைப் பார்த்து, மரத்தடியில் சிமெண்டு பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னாள். எனக்கு ஒரு மாம்பழத்தை நறுக்கிக் கொடுத்தாள். காசு கொடுத்தால் வாங்கவில்லை. அவருடைய தொப்பியை நேராக்கிவிட்டுச் சிரித்தாள். கப்பலில் அத்தனை பேர் இருந்தும், ரெனால்டைத் தவிர, யாரும் அவரைத் தொட்டது கிடையாது. இந்த ஊரில் ஒரு மனிதரை யாரும் பட்டினி போடமாட்டார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

திட்டம் என்று சொல்லமாட்டேன். பல வருடமாக நான் ஒரு ராத்திரி முழுவதும் தூங்கியதில்லை. அந்த நிழலில் உட்கார்ந்திருந்தபோது, தூங்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவருக்கு மழைக்கோட்டை மாட்டிவிட்டேன். பெயர் எழுதிய அட்டை கழுத்தில் உறுத்துமே என்று கழற்றிக்கொண்டேன். காலை மாத்திரை கொடுத்திருந்தேன், அதில் நான் ஒருநாளும் தவறியதில்லை. பையை மடியில் வைத்து, பார்த்துக்கொள்ளச் சொன்னேன். எத்தனை உருப்படி என்று கேட்டார். ஒன்று என்றேன்.

கடைசிப் படகு கிளம்பும்போது மழை கொட்டியது. ரெனால்ட் தலைகளை எண்ணிவிட்டு என்னிடம் ஓடிவந்தான். "ஆன்ட்டி, அங்கிள் எங்க?"

"முந்தின போட்லயே போயிட்டாகப்பா. பாத்ரூம் அவசரம்னாக. கார்டு உங்கிட்டதான இருக்கு, வாசல்ல நிப்பாக."

அவன் என்னை நம்பினான். டீச்சர் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள். கப்பல் வாசலில் கார்டுக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினான், அவருடையதையும் சேர்த்து. மெஷினில் முகம் வரும். ஆனால் நனைந்த மஞ்சள் கோட்டு போட்ட கிழவர்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றால் எந்தக் காவலாளி முகம் பார்ப்பான்? நான் அறைக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் வெகுநேரம் வரை தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம்.

மதியம் போய், அவரைக் காணவில்லை என்று சொன்னேன். ராத்திரியில் எழுந்து நடக்கும் வழக்கம் உண்டு என்றேன். அது உண்மைதான். கப்பலெல்லாம் தேடினார்கள். சாயங்காலம் தீவிலிருந்து தகவல் வந்தது. கடைக்காரி சோறு கொண்டுவந்திருக்கிறாள், இளநீர் கொண்டுவந்திருக்கிறாள். மழையில் நனையாமல் மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறாள். கப்பலுக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்தார்களாம். விடிந்ததும் போலீசைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. சர்க்கரை அறவே இறங்கிவிட்டதாம். பையைக் கையிலிருந்து எடுக்க முடியாமல் பையோடுதான் கொண்டுபோனார்களாம்.

கப்பலில் விசாரித்தபோது ரெனால்ட் நான் சொன்னதை அப்படியே சொன்னான். நான், "அவர் முந்தின படகில் போய்விட்டார் என்று ரெனால்டுதான் என்னிடம் சொன்னான்" என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு வாயைத் திறக்கவில்லை. அவனுக்கே சந்தேகம் வந்திருக்கவேண்டும், தான்தான் அப்படிச் சொன்னோமோ என்று.

அவனுக்கு வேலை போனதும், அவனை நீங்கள் கைது செய்ததும் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வந்திருக்கமாட்டேன். போன மாதம் அவன் அம்மா லூசியம்மாள் என் ஃபிளாட்டுக்கு வந்தாள். தாராவியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். செருப்பை லிஃப்ட் பக்கமே கழற்றிவிட்டு, உள்ளே வந்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "எம் புள்ள தப்புப் பண்ணிட்டான்மா. உங்க தாலிய அறுத்துட்டான். அவன மன்னிச்சிருங்கம்மா" என்றாள். தூக்கி உட்காரவைத்து காபி போட்டுக் கொடுத்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அதிலிருந்து எனக்கு மறுபடியும் தூக்கம் போய்விட்டது. கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தால்தான் கண் கொஞ்சம் அசருகிறது. திறக்கத்தான் ஆள் இல்லை. ரெனால்டை விட்டுவிடுங்கள். அவனுக்கு நான் செய்தது பெரிய பாவம். என் வீட்டுக்காரர் விஷயத்தில் என் மனசாட்சி ஓரளவு தெளிவாக இருக்கிறது. நல்ல மனிதர்கள் கையில்தான் விட்டுவிட்டு வந்தேன்.

மேடம் என்ன கேட்கிறார்கள், தம்பி? அவ்வளவு நல்ல மனிதர்கள் சோறும் இளநீரும் கொண்டுவந்து நீட்டியும் அவர் ஏன் சாப்பிடவில்லை என்றா? பெஞ்சை விட்டு வரும்போது நான் வேறு ஏதாவது சொன்னேனா என்றா?

சொன்னேன். பத்தடி வந்தவள் திரும்பிப் போய்ச் சொன்னேன். "யாரு என்ன குடுத்தாலும் வாங்கக்கூடாது. தண்ணிகூடக் குடிக்கக்கூடாது. என்னா?" சரி என்று தலையாட்டினார்.

வெளியூரில் கண்டதையும் சாப்பிட்டால் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்காகத்தான் சொன்னேன்.