சன்ரூஃபுக்குப் பதினான்கு விநாடி

சன்ரூஃப் வைத்த கார் வாங்குகிறவர்கள், கூடவே தரும் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. பார்த்தால் என் பிழைப்பு பாதி படுத்துவிடும். இந்த வயேதுபார் ஊரில் பத்தொன்பது வருடமாகக் கார் வயரிங் பார்க்கிறேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சன்ரூஃபுக்கு நினைவு தப்பிவிடும். எங்கே மூடவேண்டும் என்று தெரியாமல் பாதியில் நிற்கும். அதை ரீசெட் செய்யவேண்டும். சுவிட்சை விடாமல் அழுத்திப் பிடித்தால் கண்ணாடி முழுக்கத் திறந்து, முழுக்க மூடி, தன் அளவைத் திரும்பக் கற்றுக்கொள்ளும். பதினான்கு விநாடி. நடுவில் விரலை எடுத்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா.

ஃப்ரெதிஸின் மகளுக்கு நான் ஞானத்தகப்பன். அதனால் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். இருவரும் அக்கார்டியன் வாசிப்பவர்கள். ஊர்ப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு இந்த வருடம் இருவருமே வந்திருந்தோம். எனக்கு நான்காவது தடவை, அவனுக்கு முதல் தடவை.

நான் தினமும் விடியுமுன் எழுந்து இரண்டு மணி நேரம் சாதகம் செய்கிறவன். அவன் மதியம் வரை தூங்குவான். வறுத்த பன்றித்தோலைக் கொறித்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, அந்த எண்ணெய்க் கையாலேயே வாசிப்பான். அவன் வாசித்தால் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள். எனக்காக அவள் ஒருநாளும் அடுப்பை அணைத்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. அப்படிப்பட்ட கை அவனிடம் இருப்பது நியாயமாகப் படவில்லை.

இறுதிச் சுற்றன்று பிற்பகல் ஊர்வலம். போட்டியாளர்கள் சன்ரூஃப் வழியாக எழுந்து நின்று வாசித்தபடியே ஊரைச் சுற்றவேண்டும். காலையிலேயே அவன் வண்டியோடு பட்டறைக்கு வந்தான், மனைவி யொலெய்தாவும் கூட வந்தாள்.

"கொம்பாத்ரே, பாதியில நின்னுக்கிட்டு மானத்த வாங்குது. ஜன்னல் வழியாத் தலைய நீட்டிக்கிட்டா வாசிக்கிறது?"

"உன்ன ஜனம் தோள்லயே தூக்கிட்டுப் போகும்பா," என்றேன்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்திச்சு. நீங்க வந்து ஹாரனப் பாத்துட்டுப் போனப்புறம்தான் இப்படி ஆச்சு," என்றாள் யொலெய்தா. அவள் எப்போதுமே கொஞ்சம் சந்தேகப் பிராணி. நான் சிரித்து வைத்தேன்.

அவனைக் காரின் படியில் ஏறி நின்று, கூரையின் முன்விளிம்பு ரப்பர் நகராமல் இருக்க அதை வலது கையால் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

"கை மாட்டிக்காதுல்ல?"

"வாழப்பழத்த வச்சு உன் பொண்ணுக்கு எத்தன தடவ வேடிக்க காட்டியிருக்கே. பட்டவுடனே கண்ணாடி தானாப் பின்னாலப் போகல?"

போகும்தான். ஆனால் ரீசெட் நடக்கும்போது மட்டும் போகாது. புத்தகத்தில் எண்பத்தேழாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஃப்ரெதிஸ் அதைப் படித்ததில்லை. அதற்கு நான் பொறுப்பா?

சுவிட்சை அழுத்தினேன். கண்ணாடி பின்னால் போனது, நிதானமாகத் திரும்பி வந்தது. ஒன்பது எண்ணும்போது அவன் அலறினான். "சுவிட்ச விடுங்க, விட்டுத் தொலைங்க," என்று யொலெய்தா என் தோளில் அடித்தாள். நான் பதினான்கு வரை எண்ணினேன்.

வலது கையில் மூன்று விரல்கள் போயின. மருத்துவமனையில் அவன் சொன்ன முதல் வார்த்தை, "கொம்பாத்ரே மேல தப்பு இல்ல" என்பதுதானாம். நல்லவன். இன்றுவரை அப்படித்தான் சொல்கிறான்.

அன்று மாலை நான் வாசித்தேன். இரண்டாம் இடம். நான்காவது தடவையும் இரண்டாம் இடம். கூட்டம் முழுக்க அவனை நினைத்து அழுதுகொண்டிருந்தது, யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அங்கேயும் அவன் என்னை விடவில்லை.

யொலெய்தா சொல்வது எல்லாம் சரி. முந்தின நாள் ஹாரன் பார்க்கிற சாக்கில் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியது நான்தான். அந்த எண்பத்தேழாம் பக்கம் எனக்கு மனப்பாடம். விரலை எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்க்கவேண்டும். அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் போய்விட்டது, அந்தக் கூரையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. எடுத்த வேலையைப் பாதியில் விட்டவன் என்று மட்டும் என்னை யாரும் சொல்லக்கூடாது.