மூங்கில் விமானம்

பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் மொட்டைத்தலை நிறையச் சந்தனம் பூசியிருந்தார். மற்றவர் கம்பளிக் குல்லா போட்டிருந்தார், மலைமேல் கூக்கால் கிராமத்தில் பூண்டு பயிரிடுகிறவராம். எழுபத்தொன்று யுத்தத்தில் இருவரும் ஒரே விமானத் தளத்தில் வேலை பார்த்தவர்கள் என்பது, முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

"என் பிளேனுமேல குண்டு விழுந்த அன்னிக்கு, எனக்கு ரெண்டு கரண்டி அல்வா குடுத்தாங்க" என்றார் குல்லாக்காரர்.

"குண்டு விழுந்ததுக்கா?"

"அது பொய் பிளேனுண்ணே. நான் கார்பெண்டரு. மூங்கிலக் கட்டி, சாக்கு போத்தி, பெயிண்ட் அடிச்சு வெட்டவெளியில நிறுத்திருவோம். நம்ம பெட்ரோல் லாரி டிரைவரே ஒருநா அதுக்கு எண்ணெய் ஊத்த வந்துட்டாரு. குண்டு விழுந்தா மறுநா வெள்ளனே புதுசு ஒண்ணு நிக்கும்."

மொட்டைத்தலைக்காரர் சிரிக்கவில்லை. "நாங்க தோப்புக்குள்ள மரத்தடியில நெசப் பிளேனுக்குக் குண்டு மாட்டிக்கிட்டிருந்தோம். தலைக்குமேல பாகிஸ்தான்காரன் வந்து சுத்துவான். எங்க பக்கம் ஒண்ணுகூட விழல. முருகன்தான் காப்பாத்துனான்னு வருசந்தவறாம வந்து மொட்டை போடுறேன்."

"போடுங்க, வேணாங்கல. ஆனா விழுந்தது பூராம் என் மூங்கிலுமேல."

பஸ் இன்னும் இரண்டு வளைவு ஏறியது. பிறகு மொட்டைத்தலைக்காரர் பையைத் திறந்து, ஒரு பஞ்சாமிர்த டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

குல்லாக்காரர் அதையும் வேண்டாமென்று சொல்லவில்லை.