கடலடியில் கிடைத்த எலும்பு

போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போகும் பேருந்தில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் செல்போனில் ஒரு செய்தியைக் காட்டினாள்.

“இத பாருக்கா, கடலுக்கு அடியில திமிங்கலத்து எலும்பு கெடச்சிருக்குதாம். லட்சக்கணக்கான வருசத்துக்கு முந்தினதாம், கல்லாவே மாறிப்போச்சாம்.”

“எவ்ளோ ஆழத்துல?”

“வெயிலே போவாத ஆழமாம். மிஷின எறக்கித் தேடி எடுத்தாங்களாம்.”

பெரியவள் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“எங்க வூட்டுக்காரு மங்களூருக்குப் போயி, மீன் புடிக்கிற போட்டுலேர்ந்து தவறி வியுந்தாரே, அப்ப இன்னா சொன்னாங்க? அங்க ஆழம் ஜாஸ்தி, ஒண்ணும் கெடைக்காதுன்னாங்க. மூணே நாள்ல தேடறத வுட்டுட்டாங்க.”

சின்னவள் போனை வாங்கி அணைத்துவிட்டாள். “இன்னிக்கு தாலுக்கா ஆபீசுல இன்னாக்கா சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“பொணம் கெடைக்கலியாம். ஏழு வருசம் ஆனாத்தான் செத்துட்டாருன்னு எழுதித் தருவாங்களாம். வூட்ல மாமியா தாலியக் கயட்டுடின்றா. ஆபீசுல, உன் புருசன் சாவலம்மான்றாங்க. நான் யாரு பேச்சக் கேக்கறது?”