செத்த தண்ணி

— ஊசியைக் கீழ வைங்க ரலிட்சா டாக்டரம்மா. ஷாரோவுக்கு இன்னிக்கு வேண்டாம்.

— என்ன வெலிச்கோ அண்ணே, விளையாடறீங்களா? உங்க நாய் நாலு நாளா ஒண்ணும் திங்கலை. கடைவாய்ப் பல்லு அழுகிக் கிடக்கு. உடனே புடுங்குங்கன்னு நேத்து அழுதது யாரு?

— நான்தான். பாலாடைக்கட்டியை மூக்குக்கிட்ட நீட்டினாலும் மூஞ்சியைத் திருப்பிக்கறான். ஆனா தண்ணி பீச்சற அந்தப் பல் மெஷினை அவன் வாயில வைக்காதீங்க.

— ஏன்?

— நீங்க பரிசோதனைக்கு அனுப்பின மெஷின் தண்ணிக்கு முடிவு வந்திருக்கு, கவர் உங்க மேசையில. நீங்க பிரிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். மெஷின் பாட்டில்ல தினமும் காலையில நான் ஊத்தறது நீங்க வாங்கி வச்ச காய்ச்சி வடிச்ச தண்ணி இல்லை. நம்ம ஹிசார்யா ஊர் ஊத்துத் தண்ணி.

— என்னது!

— ஒரு வருஷமா. அந்தக் கேன் தண்ணி செத்த தண்ணி டாக்டரம்மா. ருசியும் இல்லை, உசிரும் இல்லை. ஊத்துத் தண்ணி குடிச்சுத்தான் என் பொண்டாட்டி பெங்காவுக்குச் சிறுநீரகக் கல்லே கரைஞ்சுது. வாயில்லா ஜீவனுக்கும் நல்லதாச்சேன்னு...

— அப்போ கேனெல்லாம்?

— பெங்காவோட நீராவி இஸ்திரிப் பெட்டிக்கு.

— அட கடவுளே! தபால்காரம்மாவோட பூனை, அப்புறம் ரெண்டு நாய். பல்லு சுத்தம் பண்ணின மூணுக்கும் தாடையில சீழ் வச்சுதே! என் கையையே நான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க பக்கத்துல நின்னு துண்டு நீட்டிக்கிட்டு இருந்தீங்க!

— அப்போ தோணலை. இவன் முறை வந்ததும்தான் தோணுது.

— உங்க நாய்னா தோணுது. ஊரார் நாய்க்குத் தோணலை. ஆஸ்பத்திரிச் சாவியை மேசை மேல வச்சுட்டுக் கிளம்புங்க.

— வச்சுட்டேன். கவரைப் பிரிங்க. எவ்வளவு பாவம் சேர்த்திருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்.

— ரெண்டு இடத்துத் தண்ணி அனுப்பினேன். பாட்டில்ல இருந்து ஒண்ணு, மெஷின் குழாய் முனையில இருந்து ஒண்ணு. பாட்டில்...

— பாட்டில்ல என்ன? படிங்க.

— பாட்டில் தண்ணி சுத்தம்னு போட்டிருக்காங்க.

— அப்போ சீழ்?

— முனையில வர்ற தண்ணிதான் சாக்கடை. குழாய் உள்ளே பூரா வழவழன்னு படிஞ்சு கிடக்கு. ஊத்துத் தண்ணி உப்பு குழாய்க்கு ஆகாது, அதை நிறுத்தத்தான் சொல்வேன். ஆனா ராத்திரி முழுக்க தண்ணி உள்ளே தேங்கினா எந்தத் தண்ணியா இருந்தாலும் இந்தக் கதிதான்.

— தேங்காம இருக்க என்ன பண்ணணும்?

— சாயங்காலம் வடிச்சுட்டுக் காத்தை ஊதிக் காய வைக்கணும். வெள்ளிக்கிழமை குழாய்க்குள்ளே கிருமி மருந்து ஓட்டணும். மெஷின் வந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்தாங்க.

— சாயங்காலம் கடைசியா பூட்டிட்டுப் போறது...

— நான்தான் அண்ணே. ரெண்டு வாரம் செஞ்சேன். அப்புறம் நாளைக்குப் பார்த்துக்கலாம், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். அந்த மூணு பேருக்கும் நானே போன் பண்ணி ஒத்துக்கறேன். ஷாரோவைப் பிளோவ்திவ் நகரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க நல்ல டாக்டர் இருக்காரு.

— வலியோட அவ்வளவு தூரமா? மெஷின் இல்லாம முடியாதா?

— பல்லு ஆடுது, கைக்குறடே போதும். கழுவறதுக்குப் புது சலைன் பாட்டில் திறந்துக்கலாம். ஆனா இதுக்கப்புறமும் என்னை நம்பி...

— ஊசியை எடுங்க, அவனை நான் பிடிச்சுக்கறேன். அந்தச் சாவியையும் இப்படிக் குடுங்க டாக்டரம்மா. இனிமே சாயங்காலம் குழாயை வடிச்சுட்டுப் பூட்டப் போறது நான்.