உயிரோடிருந்த பதினேழு பேரை மீட்டுத் தந்த எப்சிபா அம்மையாருக்குப் பணிநிறைவு வாழ்த்து மடல்

முப்பத்து நான்கு ஆண்டுகள் மக்கள் பணியில் மாசின்றி நின்ற மாண்பே! மனுவோடு வந்தவரை நாற்காலியில் அமர்த்திவிட்டே பேனாவைத் திறக்கும் பெருந்தகையே! தம் தேநீரை ஆறவிட்டு வந்தவர் குறையைக் கேட்கும் எங்கள் நலவுதவிப் பிரிவின் தலைவியே! வணக்கம்.

அடைமொழிகளை அடுக்கிவிட்டோம்; அடுத்த வரியில் பேனா தடுமாறுகிறது. காரணத்தைத் தாங்கள் அறிவீர்கள், அவையோர் அறியார்.

ஈராண்டுக்கு முந்தைய ஐப்பசியில் வாசுதேவநல்லூர்ப் பக்கம் குளம் உடைந்து, வீடிழந்த குடும்பங்கள் சங்கரன்கோவில் கல்யாண மண்டபத்தில் தஞ்சம் புகுந்தன. பாயும் போர்வையும் பகிர்ந்து, பந்தி பரிமாறி, பெரும்பணி செய்கிறோம் என்று பூரித்திருந்தோம். அதே நாட்களில் முதியோர் உதவித்தொகை பெறுவோரை வீடு வீடாய்ச் சரிபார்க்கும் வேலையும் வந்தது. இடிந்த வீடுகளில் ஆளில்லை. அக்கம்பக்கத்தில் விசாரிக்கவும் ஆளில்லை. ‘இறந்துவிட்டார்’ என்று எழுதிவிட்டு வந்தோம்.

மூன்றாம் வாரம், உதவித்தொகை நின்றுபோனதை வங்கியில் கேட்டறிந்து திரும்பிய முத்துமீனாள் அம்மாள், பந்தியில் அமர்ந்து தங்களிடம் கேட்டார்: “என்னையத்தான் செத்துட்டேன்னு எழுதிட்டியளே, செத்தவளுக்கு எதுக்கும்மா சோறு போடுதிய?”

ஐயகோ! சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஏட்டைத் தேடி ஓடினோம்.

அன்றே முகாம் பதிவேட்டையும் உதவித்தொகைப் பட்டியலையும் ஒரே மேசையில் விரித்தீர்கள். பதினேழு பேர்! காலையில் நாங்கள் சாகடித்தவர்களில் பதினாறு பேருக்கு மாலையில் நாங்களே பாய் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கியிருந்தோம். இறந்தவரென்று நாங்கள் எழுதியும் முகாமில் பதிவில்லாத பதினேழாமவர் நல்லக்கண்ணு ஐயாவைத் தேடச் சொன்னீர்கள்; நடக்க இயலாத அவர் மாட்டுக் கொட்டகையில் பசியோடு சுருண்டு கிடந்தார். இன்னும் இரண்டு நாள் கழிந்திருந்தால் நாங்கள் எழுதியதே உண்மையாகியிருக்கும்; அவரைக் கட்டிலோடு மண்டபத்துக்குத் தூக்கி வந்தோம்.

தாங்கள் திட்டவில்லை. “ஆளு ஒண்ணுதானய்யா, ஏடு எதுக்கு ரெண்டு?” என்று மட்டும் கேட்டீர்கள். பதினேழு பேருக்கும் மண்டபத்திலேயே உதவித்தொகை கிடைத்தது. அதுமுதல் எங்கே முகாம் திறந்தாலும் அரிசி மூட்டைக்கு முன்னால் உதவித்தொகைப் பட்டியல் போய்ச் சேர்கிறது. எத்தனையோ விருதுக்குரிய வேலையைச் சத்தமின்றிச் செய்துவிட்டு, எங்களுக்கு மெமோ கூடக் கொடுக்காமல் விட்டீர்களே அம்மா!

நூறாண்டு நலமுடன் வாழ்க என்று எழுதி முடிப்பது வழக்கம். ஆனால் முத்துமீனாள் அம்மாளை இறந்தவரென்று எழுதிய விஜய்சங்கராகிய நான்தான் இந்த மடலையும் எழுதியிருக்கிறேன். ஆளைப் பார்க்காமல் நான் எழுதுவதை யார் நம்புவார்கள்? ஆகவே மாதந்தோறும் தங்கள் வீட்டுக்கே வந்து, கண்ணால் பார்த்து, தாங்கள் நலமென்று தெரிந்துகொண்டு போவோம்.

இப்படிக்கு,
தங்கள் பிரிவின் பணியாளர்கள்,
சங்கரன்கோவில்.