பன்னிரண்டாம் அத்தியாயத்தைச் சரிபார்த்தது

எங்கள் பதிப்பகத்தில் ஒரு புத்தகத்துக்கு மூன்று முறை மெய்ப்புப் பார்ப்போம். பெரிய இடங்களில்கூட இப்போது இரண்டு முறையோடு விட்டுவிடுகிறார்கள்.

இளஞ்செழியன் அண்ணனின் மனைவி அமுதவல்லி அக்கா கிணற்றில் இறந்தது எப்படி என்று கேட்டீர்கள். என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் மெய்ப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். நேராகக் கிணற்றுக்குப் போனால் நான் ஏதோ கோபத்தில் செய்ததுபோல் இருக்கும்.

சாலைப்புளி பதிப்பகம் என்பது அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவர் அறைக்கு மேலே உள்ள ஒற்றை அறை. நடத்துபவர் முருகானந்தம் சார். கல்லூரியில் விலங்கியல் நடத்தியவர், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு புத்தகத்துக்கு வந்தார். ஒன்பது வருடத்தில் முப்பத்தொரு புத்தகம். பக்க வடிவமைப்பும் மெய்ப்பும் என் வேலை.

எங்கள் இரண்டாவது புத்தகத்தில் ஒரு கதை. அதில் நடு இரவில் கோழி முட்டையிடும். புத்தகம் வந்த வாரத்தில் நாமக்கல்லிலிருந்து ஒரு பண்ணைக்காரர் போன் செய்தார். "ஏனுங்க, எங்க கோழியெல்லாம் மத்தியானத்துக்குள்ள முட்டை போட்டுட்டுச் சும்மாதானுங்க நிக்குது. உங்க கதைக் கோழிக்கு மட்டும் நைட் ஷிப்டுங்களா?" விலங்கியல் படித்தவருக்கு அது பெரிய அவமானம். அன்று முருகானந்தம் சார் இரண்டு விதி வைத்தார். கதையில் வரும் எதையும் எங்களில் ஒருவர் நேரில் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது. அப்படியும் தவறு நேர்ந்தால், சரிபார்த்தவர் தன் பிழையை ஒப்புக்கொண்டு சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் கடிதம் எழுத வேண்டும்.

வண்டி வைத்திருந்ததால் நேரில் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிப் பால் தெளிய எத்தனை மணி நேரம் ஆகும் என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் எந்தச் சந்தில் ஆட்டோ நுழையாது என்று நுழைந்து பார்த்திருக்கிறேன். கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலைப்பாதையின் முதல் வளைவுக்கு ஒருவன் ஒரு பீடி தீர்வதற்குள் நடந்து போகிறான் என்று ஒரு நாவலில் இருந்தது. எனக்குப் பீடிப் பழக்கம் இல்லை. கடைக்காரரைப் பற்றவைக்கச் சொல்லிவிட்டு நான் நடந்தேன். அக்சிலியா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று பீடி ஆனது.

அக்சிலியா என் மனைவி. போன நவம்பரில் டெங்கு. மூன்றே நாள். இருபத்தேழு வயது.

நான் அழவில்லை. எங்கள் தேவாலயப் பங்கில் எல்லோரும் அதைக் கவனித்தார்கள். அடக்கத்துக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டேன். தொட்டி நிறைந்ததும் நிறுத்தினேன். பால் பாக்கெட் இரண்டு வந்திருந்தது. ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். அவ்வளவுதான் அந்தக் காலை.

இளஞ்செழியன் அண்ணனுக்குத் திருச்செங்கோட்டில் லாரி புக்கிங் ஆபீஸ். எட்டு வருடமாக ஒரு நாவல் எழுதினார். கையால் எழுதுவார், அமுதவல்லி அக்கா தட்டச்சு செய்வார். பிள்ளைகள் இல்லை. அவர்கள் வீட்டில் அந்த நாவல்தான் மூன்றாவது ஆள். அதன் பதினொன்றாம் அத்தியாயத்தில் நாயகனின் மனைவி கிணற்றுப் படியில் சறுக்கி விழுந்து இறக்கிறாள். பன்னிரண்டாம் அத்தியாயம், எல்லாம் முடிந்த மறுநாள் காலை. அவன் பீரோவைத் திறந்து அவளுடைய சேலையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டு கதறுகிறான். தரையில் புரள்கிறான். நாலு பக்கம்.

ஓரத்தில் பென்சிலால் "இப்படி இருக்காது" என்று எழுதினேன். நான் கையெழுத்துப் போடாததால் புத்தகம் நின்றது. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்கு வர வேண்டியது.

அண்ணனும் அக்காவும் சேலத்துக்கே வந்துவிட்டார்கள்.

"ஜெர்ரி, எட்டு வருசமுங்க. இந்த நாலு பக்கத்துக்கா நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

"மறுநாள் காலையில யாரும் அப்படி அழ மாட்டாங்கண்ணா."

"பின்ன என்ன பண்ணுவாங்க, நீங்களே சொல்லுங்க. எழுதிப்போடறேன்."

மோட்டார் போட்டதையும் நிறுத்தியதையும் சொன்னேன்.

"அதுல என்னங்க இருக்குது?" என்றார். "படிக்கிறவன் புஸ்தகத்த வெச்சுட்டு, நம்மூட்டுத் தொட்டி ரொம்பிருச்சான்னு பாக்க எந்திரிச்சுப் போயிருவான்."

முருகானந்தம் சார் சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "செழியன், ஒண்ணு யோசிங்க. ஜெர்ரி பார்த்தவன். நீங்க பார்க்காதவர். நம்ம விதிப்படி அவன் சொல்றதுதான் நிக்கும்."

"நான் டைப் அடிக்கறப்பவே அழுதுட்டனுங்க சார்," என்றார் அக்கா. "அது பொய்யாட்டம் தெரியலையே. செரி, இவரும் பாத்துத்தான் எழுதோணும்னா நான் செத்தாத்தான் ஆவும்போல. நாளைக்கே செத்துரட்டுங்களா? புஸ்தகம் ஈரோட்டுக்கு வந்துருமா?"

"பைண்டிங்குக்கு நாலு நாள் வேணும்மா, இன்னைக்கே செத்தாத்தான் சரியா வரும்," என்றார் சார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக முருகானந்தம் சார் உங்களிடம் சொல்லியிருக்கிறார். இருக்கலாம்.

ஒரு வாரம் யோசித்தேன். அவசரப்படவில்லை. இரண்டு கூற்றுகள் இருந்தன. ஒன்று அண்ணனுடையது, மனதில் தோன்றியது. இன்னொன்று என்னுடையது, நேரில் கண்டது; ஆனால் ஒரே ஒருவனிடம் கண்டது. ஒருவனை மட்டும் வைத்து எதையும் சொல்லக் கூடாது என்று முருகானந்தம் சாரே அடிக்கடி சொல்வார். இன்னொருவரிடம் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு அந்த நாவலை எழுதியவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

அக்கா மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அக்சிலியா போன பிறகு மூன்று மாதம் எனக்குச் சாப்பாடு அவர் கையால்தான். சேலம் வரும் லாரியில் டிபன் கேரியரைக் கொடுத்தனுப்புவார். மூடியில் என் பெயரைப் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருப்பார்.

பதினொன்றாம் அத்தியாயத்தில் கிணற்றுக்குப் பதினான்கு படி என்று இருந்தது. அது அண்ணன் குடும்பத்துக் கிணறுதான், ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டரில் அவர்கள் விவசாயக் காட்டில் இருக்கிறது. படியை எண்ண வேண்டும் என்றேன். அண்ணன் ஈரோட்டுத் திருவிழாவில் எங்கள் பதிப்பகக் கடையில் உட்கார வேண்டியிருந்தது. "நீங்க போங்கண்ணா, படிய நான் எண்ணிக்கிறேன்," என்று நான்தான் சொன்னேன். வழி காட்ட அக்கா வருவதாகச் சொன்னார். எந்த நாள் வரட்டும் என்று கேட்டேன். "சனிக்கெழம வாங்க தம்பி. பக்கத்துக் காட்டுக்காரங்க நாயக் கட்டிப்போட்டுட்டுச் சந்தைக்குப் போயிருவாங்க, தொந்தரவு இருக்காது," என்றார். அந்தச் சனிக்கிழமையே போனேன்.

வண்டியில் போகும்போது என்ன பேசினோம் என்று இரண்டு முறை கேட்டீர்கள். இதுதான்.

"தம்பி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கக்கா."

"அக்சிலியா போனதுக்கு நீங்க அழுவவே இல்லைங்களா? இன்னைக்கு வரைக்கும்?"

"இல்லக்கா."

 கொஞ்ச தூரம் கழித்து அக்கா சொன்னார்: "அப்ப அவரு எழுதுனது தப்பில்ல சாமி. என்ற ஊட்டுக்காரருக்கு நான்னா உசுரு. அதான் அப்புடி எழுதறாரு. உங்களுக்கு எப்புடின்னு எனக்குத் தெரியல."

அவ்வளவுதான் பேச்சு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன்.

கிணறு சதுரமானது. உட்சுவரிலிருந்து கற்பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவைதான் படி. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. தண்ணீர் பாதிக்குக் கீழே இருந்தது. கல்யாணமான புதிதில் நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று அண்ணன் கூப்பிட்டாராம். அக்கா பயந்து ஓடிவிட்டாராம். சொல்லிச் சிரித்தார். செருப்பைக் கழற்றி மேலே விட்டுவிட்டு முன்னால் இறங்கினார். சத்தமாக எண்ணிக்கொண்டே போனார். நான் ஒரு படி பின்னால் வந்தேன். எட்டு என்றார். ஒன்பது என்றார். பத்து என்றபோது அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். பலமாகத் தள்ள வேண்டியிருக்கவில்லை.

அவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி" என்று இரண்டு முறை. அவர் நான் தவறி இடித்துவிட்டதாக நினைத்தார் என்று தோன்றுகிறது. குரலில் கோபம் இல்லை, கை கொடுப்பேன் என்று எதிர்பார்த்த குரல். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். பிறகு மிச்சப் படிகளை இறங்கி எண்ணினேன். மொத்தம் பதினேழு. மேலே வந்து நோட்டில் குறித்துக்கொண்டு, சாலைக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன்.

சறுக்கி விழுந்துவிட்டார் என்றேன். யாரும் சந்தேகப்படவில்லை. சிலர் என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். "இவனும் பொண்டாட்டியப் பறிகுடுத்தவன், இவன் கண்ணு முன்னாடியே இன்னொண்ணா," என்று ஒரு பெரியவர் என் தலையில் கை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு நான் திருச்செங்கோட்டில் அண்ணன் வீட்டு வாசலில் இருந்தேன். அங்கே என்ன பார்க்கப்போகிறேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அவர் எழுந்து முகம் கழுவுவார். தேதிக் காகிதத்தைக் கிழிப்பார். லாரி வந்துவிட்டதா என்று ஆபீசுக்குப் போன் செய்வார். அதைச் சொல்லிக்காட்டப்போவதில்லை, அருகில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். இருவருமாக மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

உள்ளே சத்தம் கேட்டது. சொந்தக்காரர்கள் அறை வாசலில் நின்றார்கள், யாரும் உள்ளே போகவில்லை. பீரோ திறந்திருந்தது. அண்ணன் தரையில் கிடந்தார். அக்காவின் பச்சைச் சேலை, பாதி வாயில், பாதி கையில். நெற்றியைத் தரையில் முட்டினார். அந்த ஓசை நாலு பக்கத்திலும் இல்லாதது. அதைத் தவிர எல்லாமே அவர் எழுதியபடிதான் இருந்தது.

என்னைப் பார்த்ததும் தவழ்ந்து வந்து காலைப் பிடித்துக்கொண்டார். "ஜெர்ரி, உங்களுக்குத் தெரியுமில்லீங்க. நீங்க எப்புடீங்க தாங்குனீங்க? சொல்லுங்க. எப்புடித் தாங்குனீங்க?"

 தாங்கியதாக எனக்கு நினைவில்லை.

சேலத்துக்குத் திரும்பி, பிரதியை எடுத்து, என் பென்சில் குறிப்பை அழித்தேன். அத்தியாயத்தின் கீழே கையெழுத்துப் போட்டேன். பிறகு விதிப்படி கடிதம் எழுதினேன். பன்னிரண்டாம் அத்தியாயம் குறித்து நான் எழுப்பிய ஆட்சேபம் பிழையானது, ஆசிரியர் எழுதியதே சரி, நேரில் சரிபார்த்துவிட்டேன் என்று தொடங்கி, சரிபார்த்த முறையையும் ஒரு பத்தியில் எழுதினேன். அதை எழுதாவிட்டால் எந்த ஆதாரத்தில் சொல்கிறேன் என்று கேட்பார்கள்.

முருகானந்தம் சாரிடம் முதலில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜெர்ரி, இது கதையாப்பா?"

"இல்லங்க சார்."

"கதைன்னு சொல்லுப்பா."

"பார்க்காம நான் எதையும் எழுத மாட்டேனே சார்."

அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு தன் வண்டியிலேயே என்னை இந்தக் காவல் நிலையத்துக்குக் கூட்டி வந்தார்.  நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். 

பொறாமையா என்று கேட்டீர்கள். அண்ணனுக்கு மனைவி இருக்கிறாள், எனக்கு இல்லை என்பதாலா என்று. இல்லை. அவர்கள் இருவரையும் ஒன்றாகப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும். அக்கா வண்டியில் சொன்னதற்காகவா என்று மறுபடி கேட்டீர்கள். அதற்கும் பதில் எழுதிவிட்டேன். நான் செய்தது ஒரு சோதனை, அதன் முடிவு எனக்கு எதிராக வந்தது, அதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டேன். அமுதவல்லியைக் கொன்றது நான்தான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை.

ஆனால் அண்ணன் அழுதார், நான் அழவில்லை என்பதை வைத்து நீங்கள் எதையாவது முடிவு செய்துகொண்டால் அது தவறாகிவிடும். அக்சிலியா மீது நான் வைத்திருந்த அன்பு அவர் அன்பைவிட ஒரு துளியும் குறைந்ததல்ல. அதைச் சந்தேகப்பட்டு என்னிடம் பேசியவர் ஒரே ஒருவர்தான், அவரும் இப்போது இல்லை.